துல்தெபெக்: மெக்சிகோவின் மாமூத் ஊருக்குப் போகும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ நகருக்கு வடக்கே துல்தெபெக் என்று ஓர் ஊர். பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய, இன்று அழிந்துபோன மாமூத் என்ற யானை இனத்தின் எலும்புகள் அங்கே மண்ணுக்கடியில் கொத்துக் கொத்தாகக் கிடைத்திருக்கின்றன. நான் போய்வந்த நாளிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

துல்தெபெக் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

மெக்சிகோ நகரின் மையச் சதுக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தலைநகரைச் சுற்றியுள்ள மாநிலத்துக்கும் மெக்சிகோ என்றுதான் பெயர், ஊர் அந்த மாநிலத்தில் இருக்கிறது. தலைநகரின் புறநகர்ப் பகுதிகள் விரிந்து விரிந்து ஊரின் எல்லையைத் தொட்டுவிட்டன. ஆனாலும் தேவாலயம், அதன் முன்னால் சதுக்கம், சதுக்கத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகள் என்று ஊரின் நடுப்பகுதி இன்னும் சிற்றூராகவே இருக்கிறது. அரை மணி நேரத்தில் அதை நடந்தே சுற்றிவிடலாம்.

ஊரின் பெயர் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளின் நவாத்தல் மொழியிலிருந்து வந்தது. ‘தோலின்’ என்றால் கோரை, ‘தெபெத்ல்’ என்றால் குன்று. அதாவது கோரைக் குன்று. இன்றைக்கு அங்கே நிற்பவருக்குக் கோரையும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. ஆனால் ஒரு காலத்தில் ஊரின் காலடியில் ஷல்தோக்கான் ஏரி கிடந்தது. மாமூத்கள் இங்கே வந்ததற்கும், இங்கேயே செத்து விழுந்ததற்கும், அவற்றின் எலும்புகள் மக்காமல் தங்கியதற்கும் காரணம் அந்த ஏரிதான்.

எலும்புகளை யார் கண்டுபிடித்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதலில் கண்டவர்கள் அகழாய்வாளர்கள் அல்லர், வேறு வேலையாக மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள்.

2015 டிசம்பரில் துல்தெபெக்கில் சாக்கடைக் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார்கள். சுமார் 2 மீட்டர் ஆழத்தில் பெரிய எலும்புகள் தட்டுப்பட்டன. தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்துக்குத் தகவல் போயிற்று. அந்த நிறுவனத்தை மெக்சிகோ மக்கள் சுருக்கமாக ‘இனா’ என்கிறார்கள். தொல்லியலாளர் லூயிஸ் கோர்தோபா பர்ராதாஸ் தலைமையில் 2016-ல் ஒரு மாமூத்தை முறையாக வெளியே எடுத்தார்கள். நன்கு வளர்ந்த விலங்கு. ஏரிக்கரைச் சேற்றில் கால் புதைந்து, எழ முடியாமல் மாண்டிருக்க வேண்டும் என்றார்கள்.

பிறகு 2019 ஜனவரியில் அதே நகராட்சிப் பகுதியில் குப்பை கொட்டுவதற்காக ஒரு பெரிய பள்ளம் தோண்டினார்கள். அங்கே கிடைத்தது ஒரு மாமூத்தோடு நிற்கவில்லை. பத்து மாதம் வேலை நடந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனம் கணக்கை வெளியிட்டது: மொத்தம் 824 எலும்புகள், குறைந்தது 14 மாமூத்கள். அதில் 8 மண்டையோடுகள், 5 தாடைகள், 100 முதுகெலும்புத் துண்டுகள், 179 விலா எலும்புகள். குதிரை, ஒட்டகம் இவற்றின் எலும்புகளும் உடன் கிடந்தன. ஆம், அன்றைக்கு அமெரிக்கக் கண்டத்தில் குதிரையும் உண்டு, ஒட்டகமும் உண்டு. இரண்டும் அங்கே அழிந்துபோயின. இன்று மெக்சிகோவில் ஓடும் குதிரை ஸ்பானியர் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்ததன் வழிவந்தது.

தலைநகரும் இந்த ஊர்களும் அடங்கிய மெக்சிகோ பள்ளத்தாக்கில் எங்கே பார்த்தாலும் இதே கதைதான். வடக்கே தெகிஷ்கியாக்கில் ஏரி நீரை வெளியேற்ற வடிகால் தோண்டியபோது 1870-ல் விலங்கு முகம்போல் செதுக்கிய ஒரு புகழ்பெற்ற எலும்பு வந்தது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். 1978-ல் மெட்ரோ ரயில் பாதைக்கு வெட்டும்போது ஒரு மாமூத் வந்தது. 1996-ல் தெஸ்கோக்கோ அருகே ஒரு குடும்பம் தங்கள் மனையில் தோண்ட, ஒரு கூட்டமே வந்தது. கடைசியாக, விமான நிலையம் கட்டப் போன இடத்தில் நூற்றுக்கணக்கில் வந்தன. கடப்பாரை போட்டவர் நினைத்திருந்தால் எலும்பை மண்ணோடு மண்ணாக அள்ளிக் கொட்டிவிட்டு வேலையை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் கையை நிறுத்திய அந்தக் கூலித் தொழிலாளர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. எலும்புகளைப் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாமூத் என்றால் பனிப்பிரதேசத்து விலங்கு அல்லவா? மெக்சிகோவில் எப்படி?

படங்களில் நாம் பார்க்கும் சடைமுடி விலங்கு கம்பளி மாமூத். அது சைபீரியா, அலாஸ்கா போன்ற வடக்குக் குளிர்நாட்டு விலங்கு. துல்தெபெக்கில் கிடைத்தது வேறு வகை, கொலம்பிய மாமூத். உடம்பில் முடி குறைவு, உருவம் இன்னும் பெரிது. முழுதாக வளர்ந்த ஆண் தோள்வரை 4 மீட்டர் உயரம் இருக்கும். எடை 10 டன்னை எட்டும். நம் ஆசிய யானை இதன் பக்கத்தில் நின்றால் கன்றுபோலத் தெரியும்.

இதன் பரம்பரை பற்றி 2025-ல் புதிய செய்தி வந்தது. விமான நிலைய நிலத்தில் கிடைத்த பற்களிலிருந்து மெக்சிகோ ஆய்வாளர்கள் தாய்வழி டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தார்கள். வெப்ப மண்டலத்தில் இவ்வளவு பழைய டிஎன்ஏ தங்குவது அரிது, அதனால் இதுவே பெரிய சாதனை. அதைவிட வியப்பு, வட அமெரிக்காவின் மற்றக் கொலம்பிய மாமூத்களோடு ஒட்டாமல் மெக்சிகோ மாமூத்கள் தனிக் கிளையாக நின்றன. ஒரே இனம் என்று எண்ணியிருந்ததற்குள்ளேயே வெகுகாலம் பிரிந்து வாழ்ந்த கூட்டம் ஒன்று இருந்திருக்கிறது.

மனிதர்கள் குழி வெட்டி மாமூத் பிடித்தார்கள் என்பது உண்மைதானா?

நிறுவனம் 2019-ல் சொன்னது அதுதான். குப்பைப் பள்ளத்தில் இரண்டு பழைய குழிகளின் தடம் தெரிந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.70 மீட்டர் ஆழம், 25 மீட்டர் விட்டம். சுவர்கள் செங்குத்தாக வெட்டியதுபோல் இருந்தன. தீப்பந்தத்தையும் மரக்கிளைகளையும் வீசி, ஒரு விலங்கைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் துரத்தி இந்தக் குழிக்குள் விழவைத்திருப்பார்கள் என்பது ஆய்வுக் குழுவின் கருத்து. மண்டையோடுகள் தலைகீழாகக் கிடந்ததைக் கொண்டு, நாக்கை எடுத்துத் தின்றிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். மாமூத் நாக்கு 12 கிலோ வரை தேறுமாம்.

எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏரிக்கரைச் சேற்றில் விலங்குகள் தாமாகவே சிக்கிச் சாவது இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கடி நடந்திருக்கிறது. வெள்ளமும் எலும்புகளை அடித்துக்கொண்டு வந்து ஒரே இடத்தில் குவிக்கும். ஆகவே ‘மனிதன் வெட்டிய குழி’ என்று முடிவு கட்ட இன்னும் வலுவான சான்று வேண்டும் என்பார்கள்.

என் எண்ணத்தைக் கேட்டால், குழிகள் விஷயத்தில் நான் பொறுத்திருப்பேன். ஆனால் இந்த ஏரிக்கரையில் மனிதனும் மாமூத்தும் நேருக்கு நேர் நின்றார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1952-ல் சாந்தா இசபெல் இஸ்தாபான் என்ற இடத்தில் ஒரு மாமூத்தின் எலும்புகளுக்கு நடுவிலேயே கல் கருவிகள் கிடைத்தன. இரண்டு ஆண்டு கழித்துப் பக்கத்திலேயே இன்னொரு மாமூத், அதனுடனும் கருவிகள். கொன்றார்களா, சேற்றில் சிக்கியதை அறுத்தார்களா என்பது வேறு விவாதம். இறைச்சி மட்டும் வீணாகவில்லை.

ஊர் அருங்காட்சியகத்தில் என்ன பார்க்கலாம்?

‘முசேயோ தெல் மமுத்’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சாக்கடைப் பள்ளத்தில் 2015-ல் வந்த அந்த விலங்கை மையமாக வைத்து அமைத்த சின்ன அருங்காட்சியகம். தலைநகருக்குக் கொண்டுபோய் ஏதோ ஒரு கிடங்கில் வைக்காமல் சொந்த ஊரிலேயே எலும்புக்கூட்டை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே போகலாம்.

பெரிய எலும்புகளைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். கடைவாய்ப்பல்லின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒரு பல் இரண்டு கைகளிலும் ஏந்த வேண்டிய அளவு இருக்கும். மேல்பரப்பில் குறுக்குக் குறுக்காக வரிகள், புதிதாகக் கொத்திய அம்மியைப் பார்ப்பதுபோல் இருக்கும். வரிகளின் விளிம்பில் கெட்டியான எனாமல், நடுவில் அதைவிட மென்மையான பகுதி. மென்மையான பகுதி சீக்கிரம் தேய, எனாமல் மேடு துருத்திக்கொண்டே இருக்கும். அதாவது பல் தேயத் தேயத் தன்னைத் தானே கொத்திக்கொள்ளும். புல்லை நாளெல்லாம் அரைக்க இப்படி ஓர் அம்மி வேண்டும்.

யானைக்குப்போலவே மாமூத்துக்கும் வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பல் வரும். பின்னாலிருந்து புதுப்பல் நகர்ந்து வந்து தேய்ந்ததை முன்னே தள்ளும். ஆறாவது தேய்ந்தால் அவ்வளவுதான், சுற்றிலும் புல் இருந்தும் பட்டினி. எத்தனையாவது பல், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் விலங்கின் வயதைச் சொல்கிறார்கள். முதல் துல்தெபெக் மாமூத்துக்கு இருபதுகளின் வயது என்றார்கள். நல்ல இளமை.

மெக்சிகோவில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. சிற்றூர் அருங்காட்சியகத்தின் நேரம் திருவிழா நாட்களில் மாறும். எனவே முந்தின நாளே நகராட்சியின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

824 எலும்புகள் கிடைத்த பள்ளத்தைப் பார்க்க முடியுமா?

அதை நம்பிப் போகாதீர்கள். சுற்றுலாவுக்கென்று திறந்து வைத்த இடம் அல்ல அது. தோண்டிய இடத்திலேயே எலும்புகளைப் பார்க்க வேண்டும் என்றால் தொக்குய்லாவுக்குப் போங்கள், கீழே சொல்கிறேன்.

எப்படிப் போவது?

மெக்சிகோ நகரின் புவேனாவிஸ்தா நிலையத்திலிருந்து புறநகர் ரயில் வடக்கே போகிறது. சுத்தமான, நேரம் தவறாத ரயில். குவாதித்லான் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து துல்தெபெக்குக்கு ‘கொம்பி’ என்ற ஷேர் வேன்கள் ஓடுகின்றன. கண்ணாடியில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். பின்னால் உட்கார்ந்தால் காசை முன்னாலிருப்பவர் கையில் கொடுங்கள், அது கைமாறி ஓட்டுநருக்குப் போகும், பாக்கிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் ‘புவேனோஸ் தியாஸ்’, ‘கிராசியாஸ்’ என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது வழக்கம்.

குழந்தைகளோடு போனால் குவாதித்லானிலிருந்து செயலி வழி டாக்சி எடுப்பது மேல். காலையில் கிளம்பி மாலை வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். தலைநகர் நெரிசலில் மாலை நேரக் கார்ப் பயணம் இரண்டு மணி நேரம் இழுக்கும்.

விசா?

இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் மெக்சிகோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தர வசிப்புரிமை அட்டையோ கையில் இருந்தால், சுற்றுலாவுக்கு மெக்சிகோ விசா தனியாக எடுக்க வேண்டாம். அமெரிக்காவில் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் இது தெரியாமல் இருக்கிறார்கள். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும் முன் தூதரகப் பக்கத்தில் ஒரு முறை சரிபாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

எலும்புகளுக்கு மட்டும் என்றால் எந்த மாதமும் சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும், காலையில் வெயில் இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கம்பளி வேண்டும். ஊர் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஏறக்குறைய ஊட்டி உயரம். முதல் நாள் மூச்சு வாங்கினால் பயப்படாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், வெயிலில் தொப்பி போடுங்கள்.

ஆனால் மார்ச்சில் போனால் ஊரின் இன்னொரு முகத்தையும் பார்க்கலாம். மெக்சிகோவில் துல்தெபெக் என்று சொன்னால் மாமூத்துக்கு முன்னால் நினைவுக்கு வருவது வாணவேடிக்கை. தலைமுறை தலைமுறையாக வெடி கட்டும் குடும்பங்களின் ஊர். அவர்களின் காவல் புனிதர் சான் ஹுவான் தெ தியோஸ். தீப்பிடித்த மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளைத் தூக்கிவந்து, தான் தீக்காயமின்றி மீண்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நெருப்போடு புழங்குகிறவர்கள் அவரைக் கும்பிடுவதில் பொருள் இருக்கிறது. மார்ச் 8 அவர் திருநாள். அன்று மரச்சட்டத்திலும் காகிதக் கூழிலும் செய்த காளைகள் நூற்றுக்கணக்கில் தெருவில் ஊர்வலம் வரும். ஒரு ஆள் தலைமேல் தூக்கும் சின்னக் காளையும் உண்டு, சக்கரம் வைத்து இருபது பேர் தள்ளும் பெரிய காளையும் உண்டு. பகலில் அவற்றின் வண்ணங்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள், கொம்பு நுனிவரை பூவேலை இருக்கும். இரவில் அவற்றின்மேல் கட்டிய வெடிகள் பற்றவைக்கப்பட்டு, அத்தனையும் கூட்டத்துக்குள் ஓடும்.

இரவு அங்கே நிற்பதானால் தடித்த பருத்தி உடை, மூடிய காலணி, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குப் பஞ்சு. குழந்தைகளை நடுச் சதுக்கத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். இந்தத் தொழில் ஊரிடம் வாங்கிய விலை பெரிது. 2016 டிசம்பர் 20 அன்று சான் பாப்லித்தோ பட்டாசுச் சந்தை வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் மாமூத்தை மண்ணிலிருந்து எடுத்த அதே ஆண்டு. ஊர்க்காரர்களிடம் பேசும்போது அதை வேடிக்கைச் செய்தியாகக் கிளறாதீர்கள்.

பக்கத்தில் வேறு எங்கெல்லாம் எலும்புகள் உண்டு?

முதலில் சாந்தா லூசியா. துல்தெபெக்கிலிருந்து நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டருக்குள், 2022 மார்ச்சில் திறந்த பெலிப்பே ஆங்கெலெஸ் விமான நிலையம் இருக்கிறது. அதைக் கட்ட நிலத்தைத் தோண்டியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாமூத்களின் எச்சங்கள் கிடைத்தன. கூடவே ஒட்டகம், குதிரை, தரைவாழ் அசையாக்கரடி (sloth) போன்ற பெருவிலங்குகள், ஓடு போர்த்திய கிளிப்டோடான் எல்லாம். இவற்றுக்கென்று அங்கேயே ‘கினாமெத்சின்’ என்ற பெரிய அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். பார்த்து முடிக்க அரை நாள் வேண்டும். துல்தெபெக்கை முதலில் பார்த்துவிட்டு இங்கே போவது நல்லது என்பேன். ஒரு விலங்கை நின்று நிதானமாகப் பார்த்த கண்ணுக்குத்தான் ஐந்நூறு என்ற எண்ணின் கனம் புரியும்.

அடுத்தது தொக்குய்லா, தெஸ்கோக்கோ நகரின் பக்கத்துச் சிற்றூர். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1996-ல் ஒரு வீட்டு மனையில் கிடைத்த எலும்புகளை இடம் மாற்றாமல், அந்தக் குழியின் மேலேயே கூரை போட்டு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். குழியின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தாடை, தந்தம், விலா, மண்டையோடு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். குறைந்தது ஐந்து மாமூத்கள். எரிமலைச் சாம்பல் கலந்த சேற்று வெள்ளம் அடித்துவந்து பழைய ஓடை ஒன்றில் குவித்துவிட்டுப் போன கோலம், ஏறக்குறைய 13,000 ஆண்டுகளாகக் கலையவில்லை. கண்ணாடிப் பெட்டியில் தனித்தனியாக அடுக்கிய எலும்பைப் பார்ப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். இங்கே விலங்கின் சாவையே பார்க்கிறோம்.

தெப்பெஷ்பான், பிரமிடுகளுக்குப் பெயர்போன பழைய நகரமான தெயோத்திவாக்கான் போகும் வழியில் இருக்கிறது. 1947-ல் நிலவியலாளர் ஹெல்முட் தெ தெர்ரா அங்கே ஒரு மனித எலும்புக்கூட்டை எடுத்தார். மாமூத் காலத்து மனிதன், 11,000 ஆண்டு என்று உலகமே பேசிற்று. 2009-ல் வெளியான புதிய காலக்கணிப்பு அதை ஏறக்குறைய 4,700 ஆண்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. பெருமை குறைந்ததாக நினைக்க வேண்டாம், ஆய்வு தன்னைத் திருத்திக்கொண்ட இடம் என்று பாருங்கள்.

தெகிஷ்கியாக் எலும்பு ஊரில் இல்லை, தலைநகரின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழிந்துபோன ஒட்டக இனம் ஒன்றின் திரிகம், அதாவது முதுகெலும்பின் அடியில் இடுப்போடு சேரும் முக்கோண எலும்பு. அதன் இயல்பான வடிவமே ஒரு விலங்கு முகம்போல் இருக்க, யாரோ மூக்குத் துளைகளைச் செதுக்கி ஓநாய் முகமாகவே ஆக்கிவிட்டார்கள். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியதுதான். இந்தச் சுற்றுப்பயணத்தில் ஒரே ஒரு பொருளைப் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மற்ற எலும்புகளில் அன்றைய மனிதனின் பசி தெரிகிறது. இதில் அவன் கண் தெரிகிறது.

‘கினாமெத்சின்’ என்றால் என்ன?

ராட்சதர்கள். இப்போது இருக்கும் மனிதர்களுக்கு முன்னால் இந்த உலகத்தில் ராட்சதர்கள் வாழ்ந்தார்கள், தெயோத்திவாக்கான் பிரமிடுகளை எழுப்பியவர்கள் அவர்களே என்று நவாத்தல் மொழி மக்கள் சொல்லிவந்தார்கள். ஸ்பானியர் வந்தபோது த்லஷ்கலா மக்கள் தங்கள் முன்னோர் கொன்ற ராட்சதர்களின் எலும்பு என்று ஒரு தொடை எலும்பைக் கொண்டுவந்து காட்டினார்கள். படையில் இருந்த பெர்னால் தியாஸ் அதைத் தன் உயரத்தோடு ஒட்டிவைத்து அளந்து பார்த்ததாகவும், அது தன் உயரம் இருந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார். அந்த எலும்பு ஸ்பெயின் அரசருக்கு அனுப்பப்பட்டது. மாமூத் போன்ற பெருவிலங்கின் எலும்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் உழும்போதும் வாய்க்கால் வெட்டும்போதும் இந்த எலும்புகள் அன்றும் வந்துகொண்டேதான் இருந்தன.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கவலைப்பட வேண்டாம், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். சதுக்கத்தின் ஓரம் பெண்கள் தோசைக்கல் போன்ற ‘கொமால்’ வைத்துத் ‘த்லகோயோ’ சுடுவார்கள். நீல மக்காச்சோள மாவை நீள உருண்டையாகத் தட்டி, உள்ளே பயறு மசியலை வைத்துச் சுட்டு, மேலே நறுக்கிய நோப்பால் கள்ளி, வெங்காயம், பாலாடைக்கட்டி, காரச் சட்னி. வயிறு நிறையும். பூசணிப்பூ வைத்து மடித்துச் சுட்ட ரொட்டியான கெசதில்லாவும் நன்றாக இருக்கும்.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இறைச்சியில்தான். பயறு மசியலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். ‘சின் கார்னே’ என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரும். ‘சின் கார்னே, சின் போயோ, சின் மாந்தேகா’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்: மாட்டிறைச்சி வேண்டாம், கோழி வேண்டாம், கொழுப்பு வேண்டாம். அசைவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘பர்பகோவா’வைத் தவறவிடாதீர்கள். மண்ணில் குழி வெட்டி, கற்றாழை மடலில் ஆட்டிறைச்சியைப் பொதிந்து இரவெல்லாம் வேகவைப்பது.

வெண்ணெய்ப்பழம் கொட்டையோடு தட்டில் வந்தால் ஒரு நிமிடம் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய கொட்டையை விழுங்கி வேறோர் இடத்தில் கழிக்கும் காட்டு விலங்கு இன்று அங்கே இல்லை. அழிந்துபோன பெருவிலங்குகளுக்காக உருவான பழங்கள் சில இருக்கின்றன என்று ஆய்வாளர்கள் டேனியல் ஜான்சென்னும் பால் மார்ட்டினும் 1982-ல் எழுதினார்கள். வெண்ணெய்ப்பழமும் அந்த வரிசையில் சேர்த்துப் பேசப்படுகிறது.

ஸ்பானிஷ் தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் குறைவு, விளக்கப் பலகைகளும் பெரும்பாலும் ஸ்பானிஷில்தான். கைபேசி மொழிபெயர்ப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘தோந்தே எஸ்தா எல் முசேயோ தெல் மமுத்?’ என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் ஊர் முழுக்கச் சுற்றலாம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். ‘லா இந்தியா’ என்றால் யானையைப் பற்றிப் பேச்சு வரும். நம் ஊரில் யானை இன்றும் உயிரோடு நடமாடுகிறது என்பது மாமூத் ஊர்க்காரர்களுக்கு நிஜமான ஆச்சரியம்.

நினைவுக்கு ஓர் எலும்புத் துண்டு வாங்கலாமா?

கூடாது. தொல்பொருளும் புதைபடிவமும் மெக்சிகோவில் நாட்டின் சொத்து. வாங்குவதும் வெளியே கொண்டுபோவதும் குற்றம். யாராவது தெருவில் பழைய எலும்பு, அம்புமுனை என்று காட்டினால் கையில்கூட எடுக்காதீர்கள். நினைவுப் பொருள் வேண்டுமென்றால் காகிதக் கூழில் செய்த சின்னக் காளை வாங்குங்கள். வெடி வைக்காததாகப் பார்த்து வாங்குங்கள், விமானத்தில் மருந்தின் வாசனைகூட இருக்கக் கூடாது.

என்னிடம் ஒரு நாள்தான் இருக்கிறது. அல்லது அதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

ஒரு நாள் இருந்தால் காலை எட்டு மணி ரயிலில் துல்தெபெக், பத்து முதல் பன்னிரண்டுவரை அருங்காட்சியகமும் சதுக்கமும், த்லகோயோ சாப்பிட்டுவிட்டு டாக்சியில் சாந்தா லூசியா. மாலை தலைநகர் திரும்பலாம். தொக்குய்லாவை அதே நாளில் திணிக்காதீர்கள், அது தெயோத்திவாக்கான் போகும் நாளோடு ஒத்துப்போகும்.

ஒரு நாளும் இல்லை, விமானம் மாறும் சில மணி நேரம்தான் என்றால், தலைநகரின் மெட்ரோ நான்காம் வழித்தடத்தில் தலிஸ்மான் நிலையத்துக்குப் போங்கள். 1978-ல் அந்தப் பாதையை வெட்டும்போது கிடைத்த மாமூத்தின் எலும்புகளை நிலையத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மெக்சிகோ மெட்ரோவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் காணும்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் உண்டு. தலிஸ்மான் நிலையத்தின் படம் மாமூத். மாலை நேரத்தில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் அதைக் கடந்து நடந்துகொண்டே இருப்பார்கள். நீங்கள் ஓரமாக நின்று பார்க்கலாம், அதற்கு ஒரு மெட்ரோ பயணக் காசு போதும்.